ஜிம்முக்குக் கட்டிய பணம் போகட்டும்: சென்னைவாசிக்கு ஒரு முழு வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஜிம்மில் வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். போனது 11 நாள். பன்னிரண்டாம் நாள் மாமியாருக்குக் காய்ச்சல், அடுத்த வாரம் பையனுக்கு ரிவிஷன் டெஸ்ட், அதற்கடுத்த வாரம் செங்கல்பட்டில் ஒரு கிரகப்பிரவேசம், அப்புறம் இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று வெட்கமாகிவிட்டது. மிச்சப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "அப்படி ரூல் இல்ல மேடம்" என்று கவுன்ட்டரில் இருந்த பையன் சிரித்தான். அந்த மார்ச்சில் ஆபீஸ் மெடிக்கல் கேம்பில் என் பிபி 146/94. வயது 41.

இப்போது 124/80 பக்கத்தில் நிற்கிறது, ஜிம் வாசலை மிதிக்காமல். மாத்திரை தேவைப்படாமல் போனது என் அதிர்ஷ்டம், தேவைப்பட்டிருந்தால் போட்டுக்கொண்டிருப்பேன். நடுவில் புரிந்துகொண்டது ஒன்றுதான். பால் பாக்கெட், குக்கர் விசில், மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டு, இரவு பாத்திரம் கழுவுவது என்று ஏற்கெனவே நாள் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒன்றின் வாலில் கட்டிவிட்ட பழக்கம் நிற்கிறது. தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கேட்கிற பழக்கம் வீட்டில் வரும் முதல் காய்ச்சலுக்கே விழுந்துவிடுகிறது.

கீழே இருப்பதை வரிசைப்படி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை ஆரம்பிக்க வேண்டாம், ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று வாரமாவது கொடுங்கள்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

எடை மெஷினைவிட டெய்லர் டேப் உருப்படியான கருவி. தொப்புள் மட்டத்தில், வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் (எல்லோரும் இழுப்போம், நானும் இழுத்தேன்) சாதாரணமாக மூச்சை விட்டுவிட்டு அளங்கள். நம் நாட்டு உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ அளவிலும் நமக்கு 23லேயே அதிக எடை ஆரம்பித்துவிடுகிறது, 25 வரை காத்திருக்க முடியாது. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் தொப்பை என்ற நம்மூர் உடம்பில் சுகர் சீக்கிரம் எட்டிப் பார்ப்பதுதான் காரணம். சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்தி 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் சுமார் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று சொன்னது. வாசலில் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் தாங்கள் அங்கே நிற்பது தெரியாது.

அதனால் வெறும் வயிற்றில் சுகர், அல்லது மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே சரி, 100 முதல் 125 வரை வாசல், 126 முதல் உள்ளே. ஹெச்பிஏ1சியில் 5.7 வாசல், 6.5 உள்ளே. பிபி பார்க்கும்போது ஒரு விஷயம்: மாடி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்ததும் பட்டியைக் கட்டினால் எண் பொய் சொல்லும். அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். 140/90 தொடர்ந்து காட்டினால் டாக்டரிடம் போங்கள். காசு பிரச்சினை என்றால் உங்கள் வார்டுப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டையும் பார்க்கலாம். வீட்டில் நடமாட முடியாத பெரியவர் இருந்தால், 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பதைப் பற்றி அங்கேயே கேட்கலாம்.

நடக்கும்போது நெஞ்சை அழுத்துகிறது, தலை சுற்றுகிறது, படி ஏறினால் அளவுக்கு மீறி மூச்சு வாங்குகிறது, இன்சுலின் போடுகிறேன், கர்ப்பமாக இருக்கிறேன், இதயத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் இருக்கிறது: இவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகே அடுத்த படிக்கு வர வேண்டும்.

படி 2: ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம்

எல்லோரும் காலை ஐந்து மணி நடையில் ஆரம்பிக்கிறார்கள், நான்காம் நாள் அலாரத்தை அணைக்கிறார்கள். நான் ராத்திரியில் ஆரம்பிக்கச் சொல்வேன். சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு, செருப்போடு இறங்கி 10 நிமிடம், தெரு முனை வரை போய்த் திரும்புவது. அவ்வளவுதான். சாப்பிட்ட உடனே உட்காராமல் நடந்தால், அப்போது ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையைக் கால் தசைகள் நேரடியாக இழுத்துக்கொள்ளும். இட்லி, சப்பாத்தி, சோறு எதுவானாலும் ஏற்றம் கொஞ்சம் தணியும். ஓட வேண்டாம், வேகமும் வேண்டாம்.

இது அற்பமாகத் தெரியும். தெரியட்டும். முதல் இரண்டு வாரம் நோக்கம், பாத்திரம் ஊறப்போட்டதும் கால் தானாக வாசலுக்குப் போக வேண்டும், அதுதான். எங்கள் வீட்டில் மூன்றாவது வாரம் என் கணவரும் வந்து சேர்ந்தார், போனை வீட்டில் வைத்துவிட்டு. பத்து வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. அதில் பாதி அபார்ட்மென்ட் மெயின்டெனன்ஸ் பற்றித்தான், ஆனாலும்.

படி 3: காலை நடை, ஒழுங்காக

இப்போது கணக்குக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, இதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. 150 நிமிடம் என்றால் ஐந்து நாள், நாளுக்கு 30. அந்த 30ஐ மூன்று பத்தாக உடைத்தாலும் கணக்கில் சேரும், ஆகவே ராத்திரி 10 ஏற்கெனவே உங்கள் பையில் இருக்கிறது. காலையில் 20 போதும்.

மிதமான வேகம் எது என்பதற்கு வாட்ச் தேவையில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நிமிடத்துக்குச் சுமார் 100 எட்டு, அதாவது 100 காலடி. நம் பூங்காக்களில் பலர் நடப்பது இதைவிட மெதுவாக, ஏனென்றால் அரசியல் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். பேசட்டும், ஒரு சுற்று மட்டும் வாயை மூடிக்கொண்டு வேகமாகப் போய்விட்டு மறுபடி வந்து விட்ட இடத்தில் தொடரலாம்.

10,000 எட்டு என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது டாக்டர்கள் கண்டுபிடித்ததே இல்லை; டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருடம், 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் ஒரு கருவிக்கு மான்போ-கெய், அதாவது பத்தாயிரம் காலடிக் கருவி என்று பெயர் வைத்தார்கள், அது அப்படியே ஊர் உலகமெல்லாம் ஒட்டிக்கொண்டது. 7,000ஐச் சுற்றி வந்தாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும். நீங்கள் இப்போது 2,500 நடக்கிறீர்கள் என்றால் அடுத்த மாதம் 4,000 என்பதுதான் உங்கள் எண். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ஆரம்பித்த 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதை 8 கி.மீ., சென்னையில் பெசன்ட் நகர்ப் பக்கம். நல்ல பாதை, ஆனால் முதல் மாதத்திலேயே அங்கே போய் 8 கி.மீ. முடித்துவிட்டு மறுநாள் கெண்டைக்கால் பிடித்து உட்கார வேண்டாம்.

எங்கே நடப்பது என்பதுதான் இந்த ஊரில் உண்மையான கேள்வி. நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதன் மேல் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், இல்லாவிட்டால் யாருடைய பைக்காவது இருக்கும். 'ஒரு பஸ் ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடங்கள்' என்று எல்லா வழிகாட்டியும் சொல்கிறது. வடபழனிச் சிக்னல் பக்கம் காலை ஒன்பது மணிக்கு இதைச் செய்து பாருங்கள், பிபி ஏறிவிடும். அதனால் வண்டி வராத இடமாகத் தேர்ந்தெடுங்கள். மயிலாப்பூரில் நாகேஸ்வரராவ் பூங்கா, தி.நகரில் நடேசன் பூங்கா, அண்ணா நகரில் டவர் பூங்கா, சேத்துப்பட்டில் ஏரிப் பூங்கா. கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஆனால் மெரினாவில் முட்டி வலி இருப்பவர்கள் மணலை விட்டு ஓர நடைபாதையில் போங்கள்; மணலில் கால் புதைந்து புதைந்து எடுப்பது நல்ல பயிற்சிதான், பழகாத கணுக்காலுக்குச் சுளுக்கும் அதுதான். நான் மேற்கு மாம்பலம். என் பாதை ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை போகும் ஸ்கைவாக், 2023 மே மாதம் திறந்தது, சுமார் 570 மீட்டர். போய் வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். காலை ஆறரைக்கு அங்கே கூட்டம் கிடையாது. தீபாவளி மாதத்து மாலையில் மட்டும் அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள்.

நேரம். ஏப்ரல், மே மாதங்களில், முக்கியமாகக் கத்திரி நாட்களில், காலை ஏழு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். நம் ஊரில் வெயிலைவிட மோசம் புழுக்கம். வியர்வை காயாமல் ஒழுகிக்கொண்டே இருந்தால் உடம்பு குளிராது, சூடு உள்ளேயே நிற்கும். அரை மணி நடைக்கு வெறும் தண்ணீர் போதும், திரும்பி வந்து ஒரு டம்ளர் நீர்மோர். விளையாட்டு பானம் என்று கலர் கலராக விற்பது அரை மணி நடப்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீர்தான். தலை சுற்றல், குமட்டல், வியர்வை திடீரென நின்றுபோவது என்றால் உடனே நிழலில் உட்கார்ந்து, ஈரத்துணி போட்டு, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். பேச்சு குழறினால் 108.

ஷூ போடுங்கள். புடவையோடு ஷூ போட்டு நடக்கும் மாமிகளைப் பார்த்து ஒரு காலத்தில் சிரித்தேன், இன்று நானே சுடிதாருக்குச் சம்பந்தமில்லாத நீல ஷூவில் போகிறேன். விலை உயர்ந்தது வேண்டாம், முன்னால் கட்டைவிரலுக்கு அரை அங்குலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் நழுவக் கூடாது. சாயங்காலம் போய் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் முழு அளவில் வீங்கி இருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

நாய். இதைச் சொல்லாமல் சென்னையில் நடைப்பயிற்சி வழிகாட்டி எழுத முடியாது. துரத்தினால் ஓடாதீர்கள், நில்லுங்கள், கையை வீசாதீர்கள், கண்ணோடு கண் பார்க்காமல் மெதுவாக விலகுங்கள். பல்லோ நகமோ பட்டுவிட்டால், சின்னக் கீறல்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போடப் போங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது.

படி 4: தோப்புக்கரணமும் தண்ணீர் கேனும்

நடக்கிறேனே, போதாதா என்று கேட்பீர்கள். போதாது. முப்பது வயதுக்கு மேல் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாத நிலை 70இல் வருவது 40இல் ஆரம்பித்த கதை. நடை இதயத்தைக் காப்பாற்றும், தொடையையும் முதுகையும் தோளையும் காப்பாற்ற எடை தூக்கத்தான் வேண்டும், அது உங்கள் சொந்த எடையாக இருந்தாலும் சரி.

ஆரம்பிக்க நல்லது தோப்புக்கரணம். தெருவுக்குத் தெரு பிள்ளையார் இருக்கிறார், நம்மில் பாதிப் பேர் அவர் முன்னால் முட்டியை லேசாக ஆட்டிவிட்டுப் போகிறோம். முழுசாகப் போடுங்கள். கால்கள் தோள் அகலம், பாதம் முழுக்கத் தரையில், பின்னால் ஒரு ஸ்டூல் இருப்பதாக நினைத்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்குங்கள், முட்டி பாதத்தின் திசையிலேயே போகட்டும், உள்பக்கம் சாயக் கூடாது. இறங்கும்போது மூச்சை இழுத்து, எழும்போது விடுங்கள். முதல் வாரம் 5, போகப் போக 10, அப்புறம் நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு விட்டு மூன்று தடவை. தோப்புக்கரணம் போட்டால் மூளை கூர்மையாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை விட்டுத்தள்ளுங்கள், தொடை கூர்மையாகும், அதுவே பெரிய விஷயம். முட்டி வலிக்கிறவர்கள் உண்மையாகவே ஒரு நாற்காலி போட்டு, அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் போதும். என் மாமியார், 72 வயது, சீரியல் விளம்பர இடைவேளையில் இதைச் செய்கிறார். முதலில் 4 தடவை எழ முடிந்தது, இப்போது 12. 65 தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறார்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணுவது, ஒரு காலின் விரலை ஒட்டி மறு காலின் குதிகாலை வைத்து நேர்க்கோட்டில் நடப்பது, இது போதும். ஈரத் தரையில் செய்யக் கூடாது.

அடுத்து தண்டால். ஆண்கள் தரையில் ஆரம்பித்து மூன்றிலேயே வில்லாக வளைவார்கள், அதில் பலன் இல்லை. சுவரில் கையை ஊன்றிச் செய்யுங்கள், 15 சுலபமாக வந்தால் சமையல் மேடை விளிம்பு, அதுவும் சுலபமானால் கட்டில் விளிம்பு, கடைசியாகத் தரை. உடம்பு தலையிலிருந்து குதிகால் வரை பலகை மாதிரி நேராக இருந்தால்தான் ஒன்று என்று எண்ண வேண்டும். என் தண்டால் குக்கரோடு கட்டிப்போட்டது: பருப்பு வைத்து மூன்று விசில் வருவதற்குள் மேடையில் கையூன்றி எத்தனை வருகிறதோ அத்தனை.

மூன்றாவது, 20 லிட்டர் வாட்டர் கேன். சென்னையில் பாதி வீட்டில் முதுகு பிடிப்பது இதைத் தூக்கும்போதுதான். நிரம்பியது கிட்டத்தட்ட 20 கிலோ, ஜிம்மில் இதைத் தூக்கத்தான் காசு வாங்குகிறார்கள். ஆனால் நேராக அதில் ஆரம்பிக்காதீர்கள். 5 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி இரண்டு பாதத்துக்கும் நடுவில் வையுங்கள். முட்டியை லேசாக மடித்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனியுங்கள், முதுகு வளையாமல் நேராக, கேன் உடம்பை ஒட்டி. காலால் தரையைத் தள்ளி எழுங்கள், தூக்கிய பிறகு இடுப்பைத் திருக வேண்டாம், திரும்ப வேண்டுமென்றால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். 8 தடவை, இரண்டு சுற்று. அப்புறம் இரண்டு கையிலும் ஒவ்வொரு கேன் பிடித்து ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடங்கள், கையும் தோளும் வயிறும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். இரண்டு மூன்று மாதத்தில் அந்தப் பெரிய கேன் உங்களுக்கு வேறு மாதிரி தெரியும். முதுகில் டிஸ்க் தொல்லை ஏற்கெனவே இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு 15 நிமிடம். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. மறுநாள் தொடை இழுத்துப் பிடிப்பது சாதாரணம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துகிற மாதிரி வலித்தால் அது வேறு, நிறுத்துங்கள்.

படி 5: உட்கார்ந்தே இருக்காதீர்கள்

இது சின்னப் படி. ஆபீஸில் எட்டு மணி நேரம் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டால் காலை நடையின் பலன் ஓரளவு கரைந்துவிடுகிறது. போன் வந்தால் எழுந்து பேசுங்கள். பெரிய பாட்டிலுக்குப் பதில் சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டால் நிரப்புவதற்காகவாவது எழுவீர்கள். லிஃப்டில் மேலே போனாலும் இறங்கும்போது படி, பழகிய பிறகு ஏறும்போதும். மெட்ரோவில் வருபவர்களுக்கு நிலத்தடி நிலையங்களின் படிக்கட்டு இலவச ஜிம், எஸ்கலேட்டரில் கூட்டம் நெருக்கும்போது அது காலியாகவே கிடக்கும்.

படி 6: தட்டை மாற்றுங்கள், சமையலை அல்ல

சியா விதை, அவகாடோ எல்லாம் தேவையில்லை. நம் சாப்பாட்டில் பிரச்சினை விகிதம்தான். தட்டில் முக்கால்வாசி சோறு, ஓரத்தில் ஊறுகாய் அளவுக்குப் பொரியல். இதைத் திருப்புங்கள்: தட்டில் பாதி பொரியல், கூட்டு, கீரை, கால்வாசி பருப்பு, முட்டை, மீன், கொண்டைக்கடலை ஏதாவது, மிச்ச கால்வாசி சோறு. முதலில் பொரியலையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வைத்தால் சர்க்கரை ஏறும் வேகமும் குறையும். மதியம் ஹோட்டல் மீல்ஸ்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம், 'இன்னும் கொஞ்சம் சாதம்' என்று வருபவருக்குக் கையை மறைப்பதே ஒரு பயிற்சி. இரண்டாவது கரண்டி சோற்றுக்குப் பதில் இரண்டாவது பொரியல் கேளுங்கள், பெரும்பாலும் வைப்பார்கள்.

புரதம் 60 கிலோ ஆளுக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் வேண்டும். காலை இட்லி, மதியம் சாம்பார் சாதம், ராத்திரி தோசை என்று போனால் அந்த எண்ணை எட்டுவது கஷ்டம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் 10க்கு மேல். மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்பவரும் பஜ்ஜிக் கடையும் அடுத்தடுத்து நிற்பார்கள், எந்தப் பக்கம் திரும்புவது என்று உங்களுக்கே தெரியும் (மாதம் ஒரு தடவை மிளகாய் பஜ்ஜி, நான் ஒன்றும் சாமியார் இல்லை). மீன் சாப்பிடுபவர்கள் வஞ்சிரத்துக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை, நெத்திலியும் மத்தியும் நல்ல கொழுப்பில் அதற்குக் குறைந்தவை இல்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, ஆகவே கூழோ அடையோ வாரத்தில் இரண்டு நாள். ஆனால் சிறுதானியம் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம், அதுவும் மாவுச்சத்துதான்.

காபி. நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. கணக்கு மட்டும் போடுவோம்: ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம், டம்ளருக்கு இரண்டு, நாளுக்கு மூன்று டம்ளர், மொத்தம் 24 கிராம். உலக சுகாதார நிறுவனம் இதற்குக் கீழே இருந்தால் நல்லது என்று சொல்லும் அளவே நாளுக்குச் சுமார் 25 கிராம். அதாவது பிஸ்கட், லட்டு எதையும் தொடாமல், வெறும் காபியிலேயே கோட்டா முடிந்தது. இரண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்குக்குத் தெரியாது. டீக்கடையில் 'சக்கரை கம்மி' என்று சொல்லப் பழகுங்கள். உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். சாம்பாரில் குறைக்கப் போராடுவதைவிட அப்பளம், ஊறுகாய், வடாம், சிப்ஸ் நான்கையும் தினசரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவது சுலபம்.

படி 7: தூக்கம்

உண்மையில் இது முதல் படியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் முதலில் சொன்னால் யாரும் கேட்பதில்லை. குறைந்தது 7 மணி நேரம். நான்கைந்து மணி தூங்கிவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து நடக்கிறேன் என்பவரைப் பார்த்தால் எனக்குப் பாராட்டத் தோன்றவில்லை, அன்றைக்குத் தூங்கியிருக்கலாம். தூக்கம் குறைந்த மறுநாள் பசி கூடும், அதுவும் எண்ணெய்ப் பண்டமும் இனிப்புமாகக் கேட்கும். மேலே சொன்ன தட்டுக் கணக்கெல்லாம் அன்றைக்குப் பறந்துவிடும்.

எழும் நேரத்தை மாற்றாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும். படுக்கும் நேரம் தானாகப் பின்னால் வரும். கடைசி காபி மூன்று மணிக்கு. காபியின் வீரியம் பாதியாகவே ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம் ஆகிறது, ஆறு மணிக் காபியின் பாதி பதினோரு மணிக்கும் உங்களுக்குள் விழித்திருக்கும். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றுங்கள், இந்த ஒன்றுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது. அலாரத்துக்கு நூற்றைம்பது ரூபாய்க் கடிகாரம் வாங்கினேன். மே மாதத்தில் ஏசி இல்லாதவர்கள் படுக்கும் முன் ஒரு குளியல் போட்டு, ஜன்னலைத் திறந்து கொசுவலை கட்டுங்கள். கணவரோ மனைவியோ பெரிதாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால், கேலி செய்துவிட்டு விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

படி 8: மனசு

உடம்பு நடக்க ஆரம்பித்தாலே மனசு கொஞ்சம் இலகுவாகும், லேசான சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நடை நிஜமாகவே மருந்து. அதற்கு மேல் நான் வைத்திருப்பது இரண்டு விஷயம்.

ஒன்று மூச்சு. இந்த ஊருக்கு யோகாவில் ஒரு தனி மரபு உண்டு. பெயர்பெற்ற யோகா ஆசிரியர் டி. கிருஷ்ணமாச்சார்யா தன் கடைசிப் பல பத்தாண்டுகளை இங்கேதான் கழித்தார், 1976இல் அவர் மகன் தேசிகாச்சார் 'கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம்' என்ற யோகா மையத்தை ஆரம்பித்தார், ஆளுக்கேற்ப பயிற்சியை மாற்ற வேண்டும், அசைவை மூச்சோடு சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் வழி. தலைகீழாக நிற்க வேண்டியதில்லை. நேராக உட்கார்ந்து, மூச்சை இழுத்தபடி இரண்டு கையையும் மெதுவாக மேலே தூக்குங்கள், விட்டபடி இறக்குங்கள், ஆறு தடவை. பிறகு கையை மடியில் வைத்து, நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். விடுவது நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு தணியும். நான் இதைக் கிண்டி போகும் மின்சார ரயிலில் செய்கிறேன், இடம் கிடைத்தால் உட்கார்ந்து, இல்லையென்றால் கம்பியைப் பிடித்தபடி, கை தூக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு.

இரண்டு, ஆள். வாரம் ஒரு தடவையாவது, ஆபீஸும் குடும்பமும் சாராத ஒருவரோடு நேரில் உட்கார்ந்து பேசுங்கள். பெசன்ட் நகர்க் கடற்கரையில் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் இதில் சேரும்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லை, அழுகை வருகிறது, தூக்கமே இல்லை அல்லது தூக்கம் மட்டுமே, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அதை நடந்து சரிசெய்ய நினைக்காதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாநில அரசின் 104 எண்ணும் இருக்கிறது. சுகருக்கு டாக்டரிடம் போக வெட்கப்படுவதில்லை அல்லவா, அதே மாதிரிதான்.

எல்லாம் விட்டுப்போகும்போது

விட்டுப்போகும், அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. தண்ணீர் தேங்கிய தெருவில் நடக்கவே வேண்டாம், கீழே திறந்த பள்ளம் இருக்கலாம், மின்பெட்டி இருக்கலாம். அந்த நாட்களில் அபார்ட்மென்ட் படிக்கட்டில் 10 நிமிடம் ஏறி இறங்கினால் போதும், அதுவும் முடியாவிட்டால் ஹாலில் தோப்புக்கரணம். காய்ச்சல் இருந்தால் எதுவும் கூடாது, டெங்கு காலத்தில் முழு ஓய்வுதான். காய்ச்சல் விட்டு, சாப்பாடு பிடித்த பிறகு பழைய அளவில் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள், இரண்டு வாரத்தில் பழையபடி வரலாம். கல்யாணம், ஊர்ப் பயணம், பிள்ளைகள் பரீட்சை: இந்த நாட்களில் ராத்திரி 10 நிமிடம் மட்டும் போதும், மற்றதை நிம்மதியாக விட்டுவிடுங்கள்.

எனக்கு ஒரே விதி, இரண்டு நாள் தொடர்ந்து விடக் கூடாது. அதற்கு ஆப் எல்லாம் இல்லை. சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில், நடந்த நாளுக்கு ஒரு டிக். போன வருட நவம்பர் தாளில் 9 டிக்தான் இருக்கிறது, அந்த மழையில் விதியும் சேர்ந்து நனைந்துபோனது. டிசம்பரில் 21.